டேனி பார்க்கர் வேண்டாம் என்ற ஊர்வலம்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸில் ஒரு ஜாஸ் கலைஞர் இறந்துபோனால் பித்தளை வாத்தியக் குழு முன்னால் நடக்கும், ஊர் பின்னால் நடக்கும். நூறு வருஷத்துக்கு மேலான வழக்கம் இது. ஆனால் 1994 மார்ச்சில் பான்ஜோ கலைஞர் டேனி பார்க்கர் தன் 85-வது வயதில் இறந்தபோது, அந்த ஊர்வலம் நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. தனக்கு அது வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஊரின் பழைய இசையைக் காப்பாற்றியவர் யார் என்று கேட்டால் பலர் வாயிலும் முதலில் வரும் பெயர் அவருடையதுதான். அப்படிப்பட்டவருக்கு ஊர்வலங்களைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப் போயிருந்தது. துக்கத்துக்கு உரிய மரியாதை போய்விட்டது, குதியாட்டமும் கூச்சலும்தான் மிச்சம் என்று வருத்தப்பட்டார். ட்ரம்பெட் கலைஞர் கிரெக் ஸ்டாஃபர்ட் போன்றவர்கள் பார்க்கரின் மனைவி ப்ளூ லூவிடம் பேசினார்கள். பழைய முறைப்படி கறுப்பு சூட்டும் டையுமாக, துக்கப் பாட்டுகளை அவசரப்படாமல் வாசித்து நடத்துகிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் ஊர்வலம் கிளம்பியது.

'பழைய ஜாஸ் செத்துக்கொண்டிருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா?' என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அன்றைக்கு ஊர்வலங்களுக்குக் கூட்டம் குறையவில்லை. வாசிக்க இளைஞர்களுக்கும் பஞ்சமில்லை. இருந்தும் அந்தப் பெரியவர் எதையோ இழந்துவிட்டதாக நினைத்தார். அந்த 'எதையோ' என்னவென்று புரிந்தால்தான் கேள்விக்கே பதில் சொல்ல முடியும்.

முதலில், பழைய ஜாஸ் என்றால் எது? 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்களும், ஐரோப்பிய, ஆப்பிரிக்க வம்சங்கள் கலந்த கிரியோல் மக்களும் உருவாக்கிய இசை. தேவாலயப் பாட்டு, ப்ளூஸ், ராக்டைம், ராணுவ பேண்டின் நடை எல்லாம் அதில் கலந்திருக்கும். முன்வரிசையில் மூன்று பேர். கார்னெட் அல்லது ட்ரம்பெட் பாட்டின் மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும். க்ளாரினெட் அதற்கு மேலே கொடிபோலச் சுற்றிச் சுற்றி ஓடும். ட்ராம்போன் அடியில் சறுக்கி, இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளிகளை நிரப்பும். பின்னால் பான்ஜோ, டியூபா அல்லது பேஸ், டிரம்ஸ். பிற்கால ஜாஸில் ஒருவர் மனோதர்மமாக வாசிக்கும்போது மற்றவர்கள் அவருக்கு இடம் விட்டு ஒதுங்குவார்கள். இங்கே மூன்று பேரும் ஒரே நேரத்தில் மனோதர்மமாக வாசிப்பார்கள், ஆனால் ஒருவர் காலை ஒருவர் மிதிக்கக் கூடாது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும் இந்த இசையில் வாசிப்பவருக்குக் கஷ்டமான இடம் அதுதான். பக்கத்தில் நிற்பவர் அடுத்து எங்கே போகப்போகிறார் என்று காது சொல்ல வேண்டும். அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கூடவே நின்று, வருஷக்கணக்கில் வாசித்துத்தான் வரும்.

இந்த இசையின் ஆரம்பமே நம் கைக்குக் கிடைக்கவில்லை. முதல் பெரிய பெயர் பட்டி போல்டன். அவர் கார்னெட் சத்தம் பல தெரு தாண்டிக் கேட்கும் என்பார்கள். 1907-ல் மனநோய் மருத்துவமனைக்குப் போனவர் 1931-ல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒரு பதிவுகூட மிஞ்சவில்லை. 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவான முதல் ஜாஸ் இசைத்தட்டு ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழுவினுடையது. இசையைப் பெற்றவர்கள் ஒரு பக்கம், உலகத்துக்கு முதலில் கேட்ட குரல் இன்னொரு பக்கம். 'டிக்ஸிலேண்ட்' என்ற பெயரை நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் கலைஞர்களில் பலர் இன்றுவரை விரும்பாததற்கு இந்தக் கதையும் ஒரு காரணம். 'டிக்ஸி' என்பதே அடிமை முறை நிலவிய தென் மாநிலங்களுக்கான செல்லப் பெயர் என்பது இன்னொரு காரணம். நானும் இங்கே அந்தச் சொல்லை, அது ஒரு குழுவின் பெயராகவோ விழாவின் பெயராகவோ வரும் இடத்தில் மட்டும்தான் எழுதுகிறேன்.

கறுப்பினக் குழுக்களின் உண்மையான பலம் கேட்கக் கிடைத்தது 1923-ல். இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரில் ஜென்னட் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டுடியோ ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. வண்டி போகும்போது பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைக் கிடையாது, ஒரு பெரிய கூம்புக்கு எதிரே நின்று வாசிக்க வேண்டும். கார்னெட் கலைஞர் கிங் ஆலிவரின் குழுவில் இரண்டாவது கார்னெட் வாசித்த இளைஞரின் சத்தம் மற்ற எல்லாரையும் மூடிவிட்டதால், அவரை மட்டும் பல அடி தள்ளிப் பின்னால் நிற்க வைத்தார்கள் என்று குழுவின் பியானோ கலைஞர் லில் ஹார்டின் சொல்லியிருக்கிறார். அந்த இளைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். இரண்டு வருஷம் கழித்துத் தன் பெயரிலேயே குழு வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தபோது, கூட்டு மனோதர்மத்தை ஓரமாக வைத்துத் தனி ஆவர்த்தனத்தை நடுவில் கொண்டுவந்தார். ஒரு விதத்தில் பழைய ஜாஸுக்கு முதலில் விடை கொடுத்தவரே அதன் மிகப் பெரிய பிள்ளைதான்.

1930-களில் நடனத்துக்கு வாசிக்கும் பெரிய 'ஸ்விங்' குழுக்கள் வந்தன. பழைய முறையில் வாசித்தவர்களுக்குப் பிழைப்பு போனது. அப்போதே 'அது முடிந்துபோன இசை' என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

சரி, அப்புறம் அது எப்படித் திரும்பி வந்தது? ஒரு பல் செட்டில் ஆரம்பித்தது என்றால் மிகையில்லை. பங்க் ஜான்சன் என்ற பழைய ட்ரம்பெட் கலைஞர் லூசியானாவின் நியூ ஐபீரியா ஊரில் கிடைத்த வேலையைச் செய்து வாழ்ந்துகொண்டிருந்தார். முன்பற்கள் இல்லை, வாத்தியமும் இல்லை. அவரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதிய ஆய்வாளர்களுக்கு அவர் போட்ட பதிலில், பல்லும் ட்ரம்பெட்டும் கிடைத்தால் இன்னும் வாசிப்பேன் என்றார். பணம் திரட்டினார்கள். க்ளாரினெட் மேதை சிட்னி பெஷேயின் அண்ணன் லெனார்ட் பல் டாக்டர், அவர் பல் செட் கட்டிக் கொடுத்தார். 1942-ல் பங்க் ஜான்சன் பதிவு செய்தார்.

அவரோடு வாசித்தவர்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானவர் ஜார்ஜ் லூயிஸ். மெலிந்த உடம்பு. பகலில் துறைமுகத்தில் மூட்டை இறக்குவார், இரவில் க்ளாரினெட். 1944-ல் வேலையில் விபத்து ஏற்பட்டு மார்பில் பலத்த அடி. வீட்டில் படுக்கையில் கிடந்தவரைப் பார்க்க பான்ஜோ கலைஞர் லாரன்ஸ் மரெரோவும் பேஸ் கலைஞர் 'ஸ்லோ டிராக்' பாவஜோவும் வாத்தியங்களோடு வந்தார்கள். இசை ஆய்வாளர் பில் ரஸல் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அந்த அறையில் பதிவானதுதான் 'பர்கண்டி ஸ்ட்ரீட் ப்ளூஸ்'. கேட்டுப் பாருங்கள். மூச்சு விடவே வலிக்கும் ஒரு மனிதர் ஊதிய மூச்சு அது. ஒரு சுரத்திலும் அவசரம் இல்லை, தன் வித்தையைக் காட்டும் எண்ணமும் இல்லை. இரவு வீடு அடங்கிய பிறகு இதை ஹெட்போனில் கேட்கும்போது, க்ளாரினெட்டுக்குப் பின்னால் பான்ஜோவின் அடி மெதுவாகத் தாங்கிப் பிடிப்பது, நோயாளியின் முதுகுக்குத் தலையணை வைப்பதுபோல இருக்கும் எனக்கு.

இந்தப் பதிவுகள் கடல் தாண்டிப் போயின. கென் காலியர் என்ற ஆங்கிலேய இளைஞர் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேருவதற்காகவே சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். 1952-ல் அங்கே போய் ஜார்ஜ் லூயிஸின் ஆட்களோடு வாசித்தார், விசா காலம் தாண்டித் தங்கியதற்காகச் சிறையில் இருந்தார், ஊர் திரும்பியபோது அங்கே ஹீரோவாகிவிட்டார். 1950-களின் கடைசியில் பிரிட்டன் முழுக்க 'ட்ராட்' அலை, அதாவது 'ட்ரெடிஷனல்' என்ற பழைய பாணி ஜாஸின் அலை. லிவர்பூலின் புகழ்பெற்ற கேவர்ன் கிளப்பே 1957-ல் ஜாஸ் கிளப்பாகத்தான் திறந்தது. அந்தக் கிளப்பிலேயே வளர்ந்த பீட்டில்ஸ் சில வருஷங்களில் இந்த அலையை ஓய வைத்தார்கள். 1964 மே மாதம் 62 வயது ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு பாட்டால் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து அதே பீட்டில்ஸை இறக்கினார் என்பதைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அது ஒரு பாட்டின் வெற்றி. அலை திரும்பவில்லை.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்தத் தலைமுறை ரசிகர்கள் கிளப்புகளும் விழாக்களும் நடத்தி இசையைத் தாங்கிப் பிடித்தார்கள். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் 1974-ல் டிக்ஸிலேண்ட் ஜூபிலி என்று தொடங்கிய விழா ஒரு காலத்தில் நகரத்தையே நிறைத்தது. வருஷங்கள் போகப் போக ரசிகர்களுக்கு வயதானது. அவர்கள் பிள்ளைகள் வரவில்லை. பெயரிலிருந்து டிக்ஸிலேண்டை எடுத்தார்கள், அப்புறம் ஜாஸையே எடுத்துவிட்டு வெறும் இசை விழா ஆக்கினார்கள், வேறு இசைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2017-ஓடு விழா நின்றுபோனது.

ஆகவே 'செத்துக்கொண்டிருக்கிறது' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்க்கும் இடத்தில் அது சாகத்தான் செய்கிறது. இளமையில் கேட்ட பாட்டை மறுபடி கேட்பதற்காகக் கூடும் கூட்டம் அந்தத் தலைமுறையோடு முடிந்துபோகும். வெறும் ரசனையை மட்டும் நம்பி நிற்கும் இசைக்கு ஆயுசு ஒரு தலைமுறை, நன்றாக நடத்தினால் இரண்டு.

நியூ ஆர்லியன்ஸில் அது ரசனையை மட்டும் நம்பி நிற்கவில்லை. அங்கே அந்த இசைக்கு ஒரு வேலை இருக்கிறது.

அந்த வேலை எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 19-ம் நூற்றாண்டில் கறுப்பின மக்களுக்குக் காப்பீடு தர நிறுவனங்கள் தயாராக இல்லை. அவர்களே சங்கம் வைத்துக்கொண்டார்கள். மாதா மாதம் சந்தா கட்டினால் வியாதிக்கு வைத்தியம், மருந்து. இறந்தால் கௌரவமான அடக்கம், அதோடு பேண்டு வாத்தியம். 1884-ல் தொடங்கிய யங் மென் ஒலிம்பியன் சங்கம் இன்றும் இருக்கிறது. இந்தச் சங்கங்களின் வழியில் வந்த 'சோஷியல் எய்ட் அண்ட் ப்ளஷர்' கிளப்புகள் வருஷத்தின் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு பேட்டையில் ஊர்வலம் நடத்துகின்றன. மதியம் ஆரம்பித்தால் நாலு மணி நேரம். கிளப்பும் பேண்டும் முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டு வரும் ஊர்தான் 'செகண்ட் லைன்', இரண்டாம் வரிசை. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். குழந்தைகள் தள்ளுவண்டியில் வரும்போதே அந்தத் தாளத்தைக் கேட்கிறார்கள்.

சாவு ஊர்வலத்தின் நடைமுறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தேவாலயத்திலிருந்து பெட்டி வெளியே வரும்போது ஸ்நேர் டிரம்மின் அடிக்கம்பிகளைத் தளர்த்தியோ கைக்குட்டை செருகியோ வைத்திருப்பார்கள். சலசலப்பு அடங்கி, தொம் தொம் என்று மட்டும் கேட்கும். முன்னால் ஊர்வலத்தை நடத்திச் செல்லும் கிராண்ட் மார்ஷல், கறுப்புத் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, நிறுத்தி, அடுத்த காலை இழுத்து வைத்து நடப்பார். 'ஜஸ்ட் எ க்ளோஸர் வாக் வித் தீ' என்ற தேவாலயப் பாட்டு, அவ்வளவு மெதுவாக. ட்ரம்பெட் மெட்டை நீட்டிப் பிடிக்க, க்ளாரினெட் மேலே அழும். அழுகை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பின்னர் ஓரிடத்தில் குழு இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் நிற்கும், நடுவே சவ வண்டி கடந்து போகும். இதற்கு 'உடலை அவிழ்த்து விடுவது' என்று பெயர். இனி அவர் அவர் வழியே போகலாம், நாம் நம் வழியே. டிரம் கலைஞர் கைக்குட்டையை உருவுவார். ட்ரம்பெட் ஒரு கூப்பிடு கொடுக்கும். பேஸ் டிரம்மின் தலையில் பொருத்திய சின்னத் தாளத்தைச் சட்டை மாட்டும் கம்பியை வளைத்தோ ஸ்க்ரூடிரைவராலோ தட்ட ஆரம்பிப்பார்கள். குடைகள் விரியும், ஊர் ஆடும்.

அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் கொடுப்பது முன்னால் வந்த மெதுவான பாதி. பார்க்கர் வருந்தியது அந்தப் பாதி சுருங்கிப்போனதற்காக. அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. முன்பு இடுகாடு நடக்கும் தூரத்தில் இருந்தது, வழியெல்லாம் துக்கப் பாட்டு. இப்போது தூரம், பெட்டி வண்டியில் போகிறது, நாலு தெரு நடந்தவுடன் அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். கேட்க ஆள் இல்லாத துக்கப் பாட்டை இளம் பேண்டுகள் கற்றுக்கொள்ளாமலே விட்டார்கள்.

இதில் மனசை உறுத்தும் விஷயம், அந்த இளம் பேண்டுகளில் பலவும் பார்க்கர் போட்ட விதையிலிருந்து வந்தவை. நியூயார்க்கில் கேப் கேலோவே குழுவில் வாசித்துப் பேர் வாங்கியவர், 1965-ல் ஊர் திரும்பினார். பித்தளை பேண்டுகளில் எல்லாரும் கிழவர்கள். 1970-களின் தொடக்கத்தில் ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் அவரிடம், பிள்ளைகளுக்காக ஒரு பேண்டு ஆரம்பித்துத் தர முடியுமா என்று கேட்டார். பன்னிரண்டு வயதுப் பையன் லீராய் ஜோன்ஸ் தன் வீட்டு கராஜில் ட்ரம்பெட் பழகிக்கொண்டிருந்தான், அவன் பேண்டுக்குத் தலைவனானான். வின்டன், பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் சகோதரர்களும் அதில் வாசித்த பிள்ளைகள்தான். பார்க்கர் பாட்டை மட்டும் சொல்லித்தரவில்லை. எப்படி நிற்பது, எப்படி உடுத்துவது, துக்க வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பதெல்லாம் சேர்த்துதான் பாடம். சில வருஷங்களில், சின்னப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்குகிறார் என்று கலைஞர்கள் சங்கத்தில் புகார் போனது, அவர் விலகிக்கொண்டார். பிள்ளைகள் விடவில்லை. அந்த ஊற்றிலிருந்துதான் 1977-ல் டர்ட்டி டஸன் பிராஸ் பேண்ட் வந்தது. அவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள், தாளம் ஓங்கிய நடன இசையான ஃபங்க்கையும் நவீன ஜாஸையும் சேர்த்தார்கள். 1983-ல் ட்ரெமே பேட்டையின் பள்ளிக்கூடப் பையன்கள் ஆரம்பித்த ரீபர்த் பிராஸ் பேண்ட் 2012-ல் கிராமி விருது வாங்கியது.

இந்தப் புதிய சத்தத்தை நான் குறை சொல்ல மாட்டேன். டர்ட்டி டஸன் வந்திராவிட்டால் அந்தப் பையன்கள் வாத்தியத்தைக் கையில் எடுத்திருப்பார்களா என்பதே சந்தேகம். ஆனால் அதில் காணாமல் போன ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: க்ளாரினெட். தெருவின் வேகத்தில், ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் கும்பலாக ஊதும் சத்தத்தில், அந்த மெல்லிய மரக் குழலுக்கு இடமில்லை. க்ளாரினெட் போனால் முன்வரிசையின் மூன்று குரல் இரண்டாகும். இரண்டானால் அந்தக் கூட்டு மனோதர்மம் வேறு ஏதோ ஒன்றாக ஆகிவிடும்.

அந்த மூன்றாவது குரலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் டாக்டர் மைக்கேல் வைட். சேவியர் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் பேராசிரியராக வேலைக்குச் சேர்ந்தவர், ஜார்ஜ் லூயிஸ் வழியில் வாசிக்கும் க்ளாரினெட் கலைஞர். இளமையில் அந்த வழியின் பெரியவர்களோடு தெருத்தெருவாக நடந்து வாசித்துக் கற்றுக்கொண்டார். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் நகரத்தின் எண்பது சதவீதம் தண்ணீருக்குள் போனபோது அவர் வீடும் மூழ்கியது. பல வருஷம் சேர்த்த ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகள், புத்தகங்கள், முதல் தலைமுறைக் கலைஞர்களின் பேட்டிகள், பழைய க்ளாரினெட்டுகள் எல்லாம் சேறாயின. அவர் அதற்கப்புறம் செய்தது என்ன தெரியுமா? பழைய பாணியிலேயே புதுப் பாட்டுகள் எழுதினார். பழைய பாட்டையே திரும்பத் திரும்ப வாசிப்பது ஒன்று, அந்தப் பாஷையில் புது வாக்கியம் பேசுவது வேறு. ஒரு பாஷை உயிரோடு இருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நகரத்தின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில், செயின்ட் பீட்டர் தெருவில் இருக்கும் பிரிசர்வேஷன் ஹால் என்ற சின்ன இசைக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1961-ல் ஆலன், சாண்ட்ரா ஜாஃபி தம்பதி நடத்த ஆரம்பித்தார்கள். மர பெஞ்சு, தரையில் மெத்தை, மது கிடையாது. இனப் பிரிவினைச் சட்டம் இருந்த காலத்தில் கறுப்பர், வெள்ளையர் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட இடம், அதற்காக ஒருமுறை போலீஸ் சாண்ட்ராவைக் கைது செய்தது. சுவரில் ஒரு காலத்தில் ஒரு பலகை இருந்தது: பழைய பாட்டு கேட்டால் 2 டாலர், மற்றவை 5, எல்லாருக்கும் தெரிந்த 'வென் தி செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' வேண்டுமானால் 10. சுற்றுலாப் பயணிகளுக்கான மியூசியம் என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. கூட்டத்தில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள் என்பது உண்மைதான். ஆனால் வேலை போன பெரியவர்களுக்கு அது சம்பளம் கொடுத்தது. பெரியவர் வாசிக்கும்போது இளையவர் பக்கத்தில் உட்காரும் நாற்காலியையும் அது கொடுத்தது.

அந்தப் பெரியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு லயனல் ஃபெர்போஸ் ஒருவர் போதும். 1911-ல் பிறந்த ட்ரம்பெட் கலைஞர். தொழில் தகர வேலை, மாலையில் வாசிப்பு. நூறு வயது தாண்டியும் பாம் கோர்ட் ஜாஸ் கஃபேயில் வாசித்தார். 2014 ஜூலையில், 103-வது பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள் இறந்தார்.

இசைக்கு ஆள் இருக்கிறார்கள், வேலையும் இருக்கிறது. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. அந்த இசை நிற்க இடம் இருக்குமா? ட்ரெமே பேட்டையின் கிளெய்போர்ன் அவென்யூவில் முன்பு வரிசையாக ஓக் மரங்கள், கறுப்பின மக்களின் கடைகள், விழா நாளில் கூடும் நிழல். 1966-ல் மரங்களை வெட்டி, மேலே நெடுஞ்சாலைப் பாலம் கட்டினார்கள். பேண்டுகள் இன்று அந்தப் பாலத்துக்கு அடியில் வந்ததும் நின்று வாசிக்கின்றன. கான்கிரீட்டில் மோதித் திரும்பும் சத்தம் நெஞ்சில் அடிக்கும். பிடுங்கிக்கொண்ட இடத்தை வாத்தியத்தாலேயே திரும்ப எடுத்துக்கொள்வதுபோல இருக்கும் அந்தக் காட்சி.

கத்ரீனாவுக்குப் பிறகு நெருக்கடி கூடியது. நகர நிர்வாகம் ஊர்வலக் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றியது, கிளப்புகள் கோர்ட்டுக்குப் போய்க் குறைக்க வைத்தன. 2007 அக்டோபரில் டியூபா கலைஞர் கெர்வின் ஜேம்ஸ் இறந்ததற்காக ட்ரெமேயில் நடந்த நினைவு ஊர்வலத்தில், தேவாலயப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தபோதே போலீஸ் புகுந்து இரண்டு கலைஞர்களைக் கைது செய்தது. பேட்டையில் புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சத்தம் தொந்தரவு. வாடகையும் சொத்து வரியும் ஏற, வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கான நாள்வாடகை அறைகளாக மாற, வாசிப்பவர்கள் ஊருக்கு வெளியே தள்ளிப் போகிறார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா வாசிப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் இந்த இசையின் தொடர்ச்சி. தாத்தா பக்கத்து வீட்டில் இல்லாமல் போனால்?

அந்தக் கவலைக்கு ஒரு பதில்போல இருப்பது ரீபர்த் பேண்டின் ஸ்நேர் கலைஞர் டெரிக் டாப் தொடங்கிய ரூட்ஸ் ஆஃப் மியூசிக். ஒன்பதிலிருந்து பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கு, பள்ளி முடிந்த பிறகு, இலவசமாக வாத்தியம், சாப்பாடு, பாடத்தில் உதவி. பார்க்கர் தேவாலய வாசலில் செய்ததை இவர் வேறு விதமாகச் செய்கிறார்.

இதற்கிடையில் வெளியூர் இளைஞர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். டியூபா ஸ்கின்னி என்ற குழு 2009-ஐ ஒட்டி ராயல் தெருவில் தொப்பியை முன்னால் வைத்து வாசிக்க ஆரம்பித்தது. மைக் இல்லை, எல்லாரும் மறந்துபோன 1920-களின் பாட்டுகள், அதோடு முழு முன்வரிசை, க்ளாரினெட்டும் சேர்த்து. வழிப்போக்கர்கள் ஃபோனில் பிடித்து யூடியூபில் போட்டே உலகம் முழுக்க ரசிகர்கள் கிடைத்தார்கள். கார்னெட் வாசிக்கும் ஷே கோன், நவீன ஜாஸின் சாக்ஸஃபோன் கலைஞர் அல் கோனின் பேத்தி. தாத்தா முன்னால் போனார், பேத்தி அவருக்கும் முந்திய காலத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறார். இந்தக் குழுவைக் கேட்கும்போது பழசைக் காட்சிக்கு வைத்த உணர்வே வராது. ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடித்து வைக்கும் அந்தப் பேச்சு அப்படியே நடக்கிறது. ஆனாலும் இவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், வெளியிலிருந்து வந்தவர்கள். தெரு ஊர்வலத்தில் ஃபங்க் வாசிக்கும் ட்ரெமே பையன்களிடம் இசையின் வேலை இருக்கிறது, இவர்களிடம் இசையின் பழைய வடிவம் இருக்கிறது. இரண்டும் ஒரே கையில் இல்லை என்பதுதான் இன்றைய நிலைமையில் என்னை மிகவும் உறுத்துவது.

ஜப்பானையும் சொல்ல வேண்டும். ட்ரம்பெட் கலைஞர் யோஷியோ தொயாமா மனைவி கெய்கோவோடு 1968-ல் நியூ ஆர்லியன்ஸ் போய் ஐந்து வருஷம் தங்கிக் கற்றார். பிற்பாடு அந்த ஊர்ப் பிள்ளைகள் கையில் துப்பாக்கி இருப்பதைக் கண்டு மனம் நொந்து, ஓர் அமைப்பு தொடங்கி, ஜப்பானில் நூற்றுக்கணக்கான வாத்தியங்களைச் சேகரித்து அங்குள்ள பள்ளிகளுக்கு அனுப்பினார். 2011 சுனாமியில் ஜப்பானின் கெசென்னுமா ஊரில் ஸ்விங் டால்ஃபின்ஸ் என்ற சிறுவர் பேண்டின் வாத்தியங்கள் போயின. இந்த முறை நியூ ஆர்லியன்ஸிலிருந்து உதவி போய், அந்தப் பிள்ளைகளுக்குப் புது வாத்தியங்கள் கிடைத்தன.

ஜாஸ் செத்துவிட்டது என்று 2011-ல் உரக்க எழுதியவர் நியூ ஆர்லியன்ஸ்காரர்தான், ட்ரம்பெட் கலைஞர் நிக்கலஸ் பேட்டன். 1959-லேயே செத்துவிட்டது என்றார். அவர் அப்பா பிரிசர்வேஷன் ஹாலில் வாசித்த பேஸ் கலைஞர், இவரும் சின்ன வயதிலிருந்தே அந்தத் தெருக்களில் வாசித்தவர். அவர் கோபம் 'ஜாஸ்' என்ற சொல்லின்மீதும், அதை விற்றவர்கள்மீதும்தான். கறுப்பின மக்களின் இசை என்று நேராகச் சொல்லுங்கள் என்கிறார். அவரோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போக என்னால் முடியவில்லை, ஆனால் பெயர்ப்பலகையைக் கழற்றினாலும் தெருவில் அந்தச் சத்தம் இருக்கும் என்ற அவருடைய நிச்சயம் எனக்கும் உண்டு.

நியூ ஆர்லியன்ஸ் சாவு ஊர்வல வீடியோக்கள் யூடியூபில் நிறையக் கிடைக்கின்றன. பார்த்தால், ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். தேவாலய வாசலில் கதவு திறக்கும் இடத்திலிருந்து பாருங்கள். ஸ்நேரில் கைக்குட்டை இருக்கிறதா, மெதுவான பாட்டு எத்தனை தெரு வரை போகிறது, வரிசையில் க்ளாரினெட் வைத்திருப்பவர் யாராவது உண்டா, அவருக்கு என்ன வயது இருக்கும் என்று பாருங்கள். நான் ஒவ்வொரு முறையும் அதைத்தான் தேடுகிறேன். சில வீடியோக்களில் ஒரு வெள்ளை முடிக்காரர் மட்டும் இருப்பார். சிலவற்றில் அவர் பக்கத்தில், தொப்பி கொஞ்சம் பெரிதாகிப்போன ஒரு பையன் அவர் விரல்களையே பார்த்தபடி நடந்துகொண்டிருப்பான்.